விறகைப் புதைக்க யாரால் முடியும்?

மரக்கட்டையை மண்ணுக்குள் புதைத்து, அதன்மேல் மேடு கட்டி, அந்த மேட்டில் கத்தரியும் தக்காளியும் வைக்கும் முறை இப்போது ஒரு பெயரோடு வலம் வருகிறது: ஹூகல்கல்ச்சர். ஜெர்மன் சொல். ‘ஹூகல்’ என்றால் குன்று, மேடு. மேட்டு வேளாண்மை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. நகரத்து வேலையில் சேர்த்த பணத்தில் ஊர்ப்பக்கம் நாலைந்து ஏக்கர் வாங்கியவர்கள் மத்தியில் இதற்குத் தனி மவுசு. நம் பக்கத்துத் தோழர்கள் சிலரும் இதை ஒரு மாற்று அரசியலாகவே பேசுகிறார்கள். உரக் கம்பெனி வேண்டாம், டிராக்டர் வேண்டாம், கடன் வேண்டாம், கீழே கிடக்கும் கட்டையே போதும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டை யாருடையது, மேடு கட்டும் நிலம் யாருடையது, மேடு பலன் தரும் நாளில் அந்த நிலத்தில் யார் இருப்பார் என்ற கேள்விகள் மட்டும் அந்தப் பேச்சில் எப்போதும் விடுபட்டுப்போகின்றன.

முறையை ஏளனம் செய்வது என் நோக்கம் அல்ல. அது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ஓரடி, ஒன்றரையடி ஆழத்துக்கு நீளவாக்கில் பள்ளம் எடுக்க வேண்டும். அடியில் பருத்த கட்டைகள், அதன்மேல் கிளைகள், சுள்ளிகள், இலைதழை, மக்கு, கடைசியில் தோண்டி எடுத்த மண். இடுப்பளவிலிருந்து ஆளுயரம் வரை மேடு எழும்பும். உள்ளே கிடக்கும் கட்டையைப் பூஞ்சைகள் மெல்ல மெல்லத் தின்னும். மக்கி இளகிய கட்டை மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துக்கொண்டு, வெயில் நாளில் வேருக்குக் கொடுக்கும். கட்டை சுருங்கச் சுருங்க மண்ணுக்குள் காற்று புகும். உழவு தேவைப்படாது. இதெல்லாம் உண்மை.

வீடியோக்கள் சொல்லாத இன்னொரு பாதியும் உண்டு. மரத்தில் 1 பங்கு தழைச்சத்துக்கு 400 பங்கும் அதற்கு மேலும் கரிமம் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தேவையான விகிதமோ ஏறத்தாழ 30-க்கு 1. இந்தப் பற்றாக்குறையை அவை சுற்றியுள்ள மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால் முதல் வருடம் செடி மஞ்சளித்து நிற்கும். அதைச் சமாளிக்கத்தான் முதலில் அவரை, தட்டைப்பயறு போன்றவற்றைப் போடச் சொல்கிறார்கள். மேடு தன் முழு பலத்துக்கு வரச் சில வருடங்கள் ஆகும். இது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலில் கட்டை சீக்கிரம் மக்கும், கரையான் வேறு பங்குக்கு வரும். உயர்ந்த மேட்டின் பக்கவாட்டெல்லாம் காற்றிலும் வெயிலிலும் காய்ந்துபோகும். வறண்ட மண்ணுக்கு மேட்டைவிடப் பள்ளமே பொருத்தம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சூனி பழங்குடியினர் சுற்றிலும் கரை கட்டித் தாழ்வாக வைத்த சின்னச் சின்னக் கட்டங்களில்தான் காய்கறி வளர்த்தார்கள். நம் தென்னந்தோப்புகளில் உரிமட்டையைக் குழியில் புதைத்து ஈரம் காப்பதும் ஏறத்தாழ இதே அறிவுதான். அதற்கு ஜெர்மன் பெயர் இல்லாததால் பயிற்சிக் கட்டணமும் இல்லை.

இந்த முறையைப் பல நூற்றாண்டுப் பழமையான ஐரோப்பியப் பாரம்பரியம் என்று அறிமுகப்படுத்துவது ஒரு வழக்கமாகிவிட்டது. இந்தப் பெயர் அச்சில் வருவது 1962-இல், ஹெர்மான் ஆந்த்ரே எழுதிய ஒரு சிறு தோட்டக்கலைக் கையேட்டில். பாட்டி வீட்டுத் தோட்டத்து மூலையில் கிடந்த மரக்கழிவுக் குவியலில் விதவிதமான செடிகள் செழித்திருந்ததைப் பார்த்து அவருக்கு வந்த யோசனை அது. மக்கிய கட்டையில் செடி முளைக்கும் என்பது காட்டோரம் வாழ்ந்த எந்த மக்களுக்கும் தெரிந்த சேதிதான். ஆனால் அதற்கு ஒரு பெயர், ஒரு முறை என்று வந்து அறுபது வருடம் சொச்சம்தான் ஆகிறது. அறுபது வயதுச் சரக்குக்கு ஆயிரம் வயது ஒட்டும் வித்தையை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இந்த முறையை உலகறியச் செய்தவர் ஆஸ்திரியாவின் செப் ஹோல்சர். லுங்காவ் மலைப்பகுதியில், 1100 முதல் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அவரது கிராமெட்டர்ஹோஃப் பண்ணை. அதே 1962-இல் பெற்றோரிடமிருந்து அதை ஏற்றுக்கொண்டார். பின்னாளில் அது ஏறத்தாழ 45 எக்டேராக விரிந்தது. மேடுகளையும் குளங்களையும் படிநிலங்களையும் மண்வாரி இயந்திரம் வைத்து அமைத்தார். அந்தக் குளிரில் அவர் விளைவித்துக் காட்டியவற்றைப் பார்த்து வியக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் கதையை வரிசையாகச் சொன்னால் முதலில் வருவது பெற்றோர் கொடுத்த நிலம், அடுத்து இயந்திரம், அதற்கும் அடுத்துதான் மேடு.

மண்ணைக் குவித்து உயர்த்தினால் அது கூடுதல் உயிர்ப்புக் கொள்ளும் என்று ஆந்த்ரேவுக்கு முன்பே பேசியவர் ருடால்ஃப் ஸ்டைனர். 1924 ஜூனில், இன்று போலந்தில் இருக்கும் கோபர்விட்ஸ் என்ற ஊரில், கைசர்லிங் பிரபுவின் பண்ணையில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளிலிருந்துதான் ‘பயோடைனமிக்’ வேளாண்மை பிறந்தது. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்து மண்ணில் புதைக்கும் முறையும் அங்கே சொல்லப்பட்டதுதான். (ஆமாம், அங்கேயும் பசுதான்.) மனித இனங்களை மேல் கீழாக அடுக்கிய பேச்சும் ஸ்டைனரிடம் உண்டு.

அவர் 1925-இல் இறந்துவிட்டார். அவருடைய அமைப்பை நாஜிகள் பிற்பாடு தடைசெய்தார்கள், பயோடைனமிக் சங்கத்தையும் 1941-இல் கலைத்தார்கள். ஆனால் வேளாண் முறையை மட்டும் ஹிம்லரின் எஸ்.எஸ். படை விடவில்லை. டாக்காவ் வதைமுகாமின் பக்கத்தில் 1938 முதல் ஒரு பெரிய மூலிகைத் தோட்டத்தை அது உருவாக்கியது. சதுப்பு நிலத்தை வடித்து, மண்ணைக் கொத்தி, உரக்குழி நிரப்பியவர்கள் அத்தனை பேரும் கைதிகள். யூதர்கள், ரோமா மக்கள், பாதிரியார்கள், அரசியல் எதிரிகள். நூற்றுக்கணக்கானவர்கள் அந்தத் தோட்டத்து வேலையிலேயே செத்தார்கள். மண்ணில் நஞ்சு படக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். அந்த மண்ணைக் கொத்துகிறவன் பிழைத்திருக்க வேண்டும் என்பதில் எந்தக் கவனமும் இல்லை.

கட்டை புதைத்து மேடு போடுகிறவர்களெல்லாம் நாஜிகளின் வாரிசுகள் என்று இதற்குப் பொருளில்லை. இயற்கையோடு இயைந்த விவசாயம் என்றாலே அது மனிதர்களிடமும் நியாயமாக நடக்கும் என்ற நம்பிக்கை நம் இளைஞர்களிடம் பரவலாக இருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. தூய மண், தூய விதை, தூய இனம் என்ற மூன்றையும் ஒரே மூச்சில் பேசியவர்கள் இருந்திருக்கிறார்கள். ஊரும் சேரியும் பிரிந்து கிடக்கும் நாட்டில் தூய்மை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குக் காது விடைக்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். நம் நாட்டு இயற்கை விவசாயப் பேச்சில் பெரும்பகுதி பசுவைச் சுற்றியே நடக்கிறது. சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தத்துக்கு நாட்டுப்பசுவின் சாணமும் மூத்திரமும்தான் ஆதாரம். 2016-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அதே 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் செத்த பசுவின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதை எதிர்த்து அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்தவர்கள் எழுப்பிய முழக்கம், பசுவின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்பது. நிலமற்ற ஒவ்வொரு தலித் குடும்பத்துக்கும் ஐந்து ஏக்கர் என்று கேட்டார்கள். அந்த வகையில் பார்த்தால் கட்டை புதைக்கும் முறை எனக்குப் பிடித்தமானதுதான். இதற்குப் பசு கட்டாயமில்லை, அதன் சாதியைப் பற்றிய விசாரணையும் இல்லை. வேலையைச் செய்வது பூஞ்சை. எந்த மாடும், எந்த இலையும், எந்தச் சருகும் அதற்குச் சம்மதம். ஆகவே கைவிட வேண்டிய முறை என்று இதை நான் சொல்லமாட்டேன். நம் மக்கள் கைக்கு இது வராமல் தடுப்பது எது என்றுதான் கேட்கிறேன்.

முதல் தடை, விறகு.

ஆய்வுக்காக ஊர் ஊராகச் சுற்றும்போது ஒரு பண்ணையில் நடந்த இரண்டு நாள் பயிற்சிக்குப் போயிருந்தேன். பங்கேற்பாளர்கள் வருவதற்கு முதல் நாளே பள்ளம் வெட்டி, கட்டை அடுக்கி, முக்கால்வாசி மேட்டை எழுப்பியிருந்தவர்கள் பக்கத்துக் காலனியிலிருந்து கூலிக்கு வந்த நான்கு பெண்கள். மறுநாள் வந்தவர்கள் மேல்மண் போட்டார்கள், நாற்று நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் அந்தப் பெண்களின் வேலைக்கு ‘உள்ளூர் உழைப்பு’ என்று பெயர். அவர்களில் மூத்தவர் ஓரமாக நின்று என்னிடம் சொன்னார்: “இம்புட்டு வெறகையும் மண்ணுல போட்டு மூடச் சொல்றாங்களே தம்பி, ஒரு மாசத்துக்கு அடுப்பெரிக்கலாமே.” அந்த இரண்டு நாளில் நான் கேட்ட மிகச் சரியான பொருளாதார விமர்சனம் அதுதான்.

மேட்டுக்குள் போகும் ஒவ்வொரு கட்டையும் ஓர் அடுப்புக்கான விறகு. கேஸ் இணைப்பு இருந்தாலும் சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வாங்கப் பணமில்லாத நாட்களில் சுள்ளி பொறுக்கப் போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பொறுக்கப் போகும் தோப்பும் வரப்பும் பெரும்பாலும் ஆதிக்க சாதியினருடையவை. போகும் பெண் வாங்கும் வசவு எப்படிப்பட்டது என்று இதைப் படிப்பவர்களில் பலருக்கு அவரவர் வீட்டிலேயே சொல்ல ஆள் இருப்பார்கள். ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பது நிலமற்ற குடும்பங்களின் பிழைப்பு. ஆல்ப்ஸ் மலைச்சரிவில் விழுந்து கிடக்கும் மரம் கழிவாக இருக்கலாம். இங்கே மரம் கழிவாவதற்கு முன்பே அதற்கு ஒரு வயிறு காத்திருக்கிறது. ஒரு வண்டி விறகை மண்ணில் போட்டு மூட முடிகிறவர், அந்த விறகு இல்லாமலும் சோறு பொங்க முடிந்தவர்தான்.

இரண்டாவது தடை, காலம். முதல் வருடம் மஞ்சளித்து, மூன்றாம் வருடம் தேறி, அதற்குப் பிறகு பல வருடம் பலன் தரும் முறை இது. வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவருக்கு அடுத்த பட்டத்தில் அந்த நிலம் இருக்குமா என்பதே நிச்சயமில்லை. பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1955-இலேயே வந்தது. குத்தகை உரிமையைப் பதிவுசெய்ய 1969-இல் இன்னொரு சட்டமும் வந்தது. பெயர் பதிவேட்டில் ஏறாத குத்தகைதாரருக்கு இரண்டும் எட்டாத உயரம். அவர் கட்டை புதைத்து, தழை போட்டு, மண்ணை ஆளாக்கினால் என்ன நடக்கும்? நிலம் தேறிவிட்டது என்று குத்தகை ஏறும், அல்லது நிலமே திரும்பப் போகும். உரமூட்டை வாங்கி இந்தப் பட்டத்தோடு கணக்கை முடித்துக்கொள்வதுதான் அவருக்குப் புத்திசாலித்தனம். அவரைப் பார்த்து, மண்ணைக் கொல்லும் விவசாயி என்று மேடையில் கண்ணீர் விடுகிறவர்கள் அவருக்கு ஐந்து வருடக் குத்தகையை எழுத்தில் கொடுத்துப் பார்க்கட்டும்.

இந்தச் சிக்கலை நமக்கு முன்பே நேருக்கு நேர் சந்தித்த ஒருவர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். அமெரிக்காவின் மிசௌரியில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர், தாவரவியல் படித்து, 1896-இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ நிறுவனத்துக்கு ஆசிரியராக வந்தார். பருத்தி, பருத்தி என்று உறிஞ்சப்பட்டுச் சாரமிழந்த மண். அதில் உழைத்த கறுப்பின மக்களில் பெரும்பாலோர் வாரதாரர்கள், கடை உரம் வாங்கவும் கடன்படுகிறவர்கள். காட்டில் உதிர்ந்த இலை, சதுப்பில் கிடக்கும் கறுப்பு மண், வீட்டுக் குப்பை இவற்றை மக்கவைத்து மண்ணை மீட்கலாம் என்று கார்வர் செய்து காட்டினார். பயறும் நிலக்கடலையும் சர்க்கரைவள்ளியும் மாற்றிப் போடச் சொன்னார். எளிய மொழியில் சிறு வெளியீடுகள் எழுதினார். 1906-இல் ஒரு வண்டியில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக் கிராமங்களுக்கே பாடத்தை அனுப்பும் ஏற்பாடும் செய்தார். ஏழைகளுக்கான இயற்கை வேளாண்மை என்று ஒன்றைத் தேடினால் அதன் முன்னோடி அவர்தான். நம் பயிற்சி முகாம்களில் அவர் பெயர் என் காதில் விழுந்ததில்லை.

ஆனால் அவரது பாடம் போய் முட்டிய சுவர் நிலம். வாரத்துக்கு உழுகிறவர் எதை விதைக்க வேண்டும் என்று முடிவுசெய்தவர் நிலவுடைமையாளர். அவருக்குத் தேவை பருத்தி, வீட்டு வாசல்வரை பருத்தி. வருடா வருடம் பண்ணை மாறும் குடும்பம் எந்த மண்ணை மக்கவைக்கும்? 1865 ஜனவரியில், உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், தளபதி ஷெர்மன் போட்ட ஆணைப்படி கடலோர நிலங்களில் விடுதலை பெற்றவர்களுக்குக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி, நிலத்தைப் பழைய எஜமானர்களிடமே சேர்த்தார். அந்த 40 ஏக்கர் கையில் நின்றிருந்தால் கார்வரின் மக்கு எருவுக்கு வேறொரு வரலாறு இருந்திருக்கும்.

ஜோதிராவ் புலே தன் குலாம்கிரி நூலை 1873-இல் அடிமை ஒழிப்புக்காக நின்ற அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். அவரே 1883-இல் எழுதிய விவசாயியின் சாட்டை பற்றிய நூலில் மண்ணைப் பற்றி எழுதியிருப்பதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மலையில் உதிர்ந்து அழுகும் இலைதழையின் சத்து மழையில் அடித்துக்கொண்டு போகிறது, அது வயலில் தங்கும்படி சிறு சிறு கரைகள் கட்ட வேண்டும், அந்த வேலைக்கு அரசு தன் சிப்பாய்களையும் போலீசையும் அனுப்பட்டும் என்கிறார். மக்கு, ஈரம், கரை எல்லாமே அதில் இருக்கிறது. மண்வெட்டி யார் கையில் இருக்க வேண்டும் என்பதும் இருக்கிறது. தோட்டக்காரச் சாதியில் பிறந்தவருக்கு மண்ணும் தெரிந்திருந்தது, மண்ணுக்கு மேலே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் தெரிந்திருந்தது.

நமக்கு ஒரு 40 ஏக்கர் கதை இல்லையா? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையில், பறையர்கள் தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தாலும் மிராசுதாரர்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தட்டிவிடுவதை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாரரின் பிடியில் இருந்ததையும் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பரில் 1010-ஆம் எண் அரசாணை வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து வருடத்துக்கு விற்கவோ மாற்றவோ கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே மாற்றலாம் என்ற நிபந்தனை இருந்தது. அப்படி ஒதுக்கியது 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் தொடர்ந்து சொல்லும் கணக்கு.

ஒதுக்கிய நிலம் எப்படிப்பட்டது என்பதை மேட்டு வேளாண்மை பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும். யாரும் உழாத தரிசு, கல், முள். அதைக் கொத்தி, முள்ளைப் பிடுங்கி, கரை கட்டி, மண்ணாக்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். மண்ணானதும் கைமாறியது. கடனுக்கும் மிரட்டலுக்கும் போலிப் பத்திரத்துக்கும் போன அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் பயிரிடும் நிலம் மொத்தத்தில் 9 விழுக்காட்டுக்கும் குறைவு. கெட்ட மண்ணை நல்ல மண்ணாக்கும் அறிவு நம் மக்களிடம் இல்லாமல் இந்த நிலை வரவில்லை. ஆக்கிய மண் ஒவ்வொரு முறையும் பறிபோய் வந்த நிலை இது.

பறிபோகாமல் காத்துக்கொண்ட உதாரணமும் இருக்கிறது. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களில் சேர்ந்த பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், அரசு கொடுத்தும் பயிரில்லாமல் கிடந்த தரிசுகளைச் சீராக்கினார்கள், கூட்டாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள், சிறுதானியங்களைக் கலந்து விதைத்தார்கள், விதையைத் தாங்களே சேமித்தார்கள். அங்கே சூழலியல் பேச்சும் நிலப் பேச்சும் பிரியவில்லை. தமிழ்நாட்டில் 2006-இல் தரிசைச் சீர்படுத்தி நிலமற்றவர்களுக்கு இரண்டு ஏக்கர் வரை கொடுக்கும் திட்டம் வந்தது. தாட்கோ வழியாகத் தலித் பெண்கள் நிலம் வாங்க மானியம் தரும் நன்னிலம் திட்டம் இப்போது இருக்கிறது. மானியம் 50 விழுக்காடு, உச்சவரம்பு 5 லட்சம் ரூபாய். மீதிப் பாதிக்குக் கூலிக்காரப் பெண் எங்கே போவார் என்பதையும், அவருக்கு விற்க ஊரில் யார் முன்வருவார் என்பதையும் திட்டம் எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மேடு கட்டும் வேலைக்குக் கூலி கொடுக்கவும் வழி இருந்தது. 2005-இன் நூறுநாள் வேலைச் சட்டத்திலேயே பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களின் சொந்த நிலத்தை மேம்படுத்தும் பணிகளுக்கு இடம் வைத்திருந்தார்கள். ஊர்க்கண்மாயைத் தூர்வாரிய அதே கைகள் தங்கள் அரை ஏக்கரில் பள்ளம் வெட்டித் தழை நிரப்பினாலும் அது கூலி வேலைதான் என்பது அதன் பொருள். எத்தனை ஊராட்சிகளில் அந்தப் பணியைக் கேட்டுத் தீர்மானம் போட்டோம் என்று நாமும் நம் அமைப்புகளில் கேட்டுக்கொள்ளலாம்.

பயிற்சி நடத்தும் தோழர்களிடம் கேட்பதற்கும் சில இருக்கின்றன. மேடு எழுப்பும் பெண்களைப் பயிற்சியாளர்கள் என்று பெயர் போட்டு, பயிற்சியாளருக்குரிய பணத்தைக் கொடுங்கள். ஐந்து ஏக்கரில் மூலை அரை ஏக்கரையாவது அவர்களுக்கு எழுத்துக் குத்தகையாக, ஐந்து வருடத்துக்குக் குறையாமல் விடுங்கள். அடுப்புக்குப் போகிற விறகை விட்டுவிட்டு, உரிமட்டை, வாழைத்தண்டு, கரும்புச் சோகை என்று மலிவாகக் கிடைப்பதை வைத்து நம் மண்ணுக்கு எத்தனை ஆழத்தில் புதைத்தால் ஈரம் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். காலனியில் மூன்று சென்ட் பட்டா வைத்திருக்கும் வீட்டின் கொல்லைக்கு அந்தக் குறிப்பு போய்ச் சேரட்டும். அங்கே புதைப்பதை யாரும் பிடுங்க முடியாது, பட்டா அவர் பெயரில் இருக்கும்வரை.